சிரட்டைக்கரி இயந்திரமும் சீதன வீடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் தேங்காய்ச் சிரட்டைக்கரி வாயுவால் நீரிறைக்கும் இயந்திரத்தை ஓட்ட முயன்று, அந்த முயற்சியிலேயே மனைவியையும் பள்ளித் தோழனையும் இழந்துவிடும் கொழும்புக் கொட்டாஞ்சேனைக் கண்டுபிடிப்பாளன் ஒருவனைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான சிறுகதையை வாசித்தேன். எழுத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கடைசிப் பந்தியில் இயந்திரம் ஓடத் தொடங்கியதும், அவனுடைய வங்கிக் கடனுக்குப் பிணை நின்று கடையை இழந்த தோழன் தூரத்தில் நின்று கண்கலங்கிக் கைதட்டுகிறான். கதாநாயகன் செய்தவை எல்லாம் அத்துடன் மன்னிக்கப்பட்டுவிடுகின்றன. கதை தரும் விவரங்களைக் கொண்டே பார்த்தாலும் அந்த மன்னிப்பு அவனுக்கு உரியதல்ல என்பதே என் கருத்து.

அவனுடைய ஆசையை நான் பழிக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த இந்த நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஆசை எங்கிருந்து பிறந்தது என்று விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, இறைக்க வழியின்றி நின்ற தோட்டக்காரர்களுக்காக ஒருவன் உறக்கம் கெட்டு உழைத்தான் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் நான் புதுக்கடையில் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் உறுதிகள், அதாவது சொத்துப் பத்திரங்கள், தயாரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவள். ஆகவே, கோண்டாவில் வீட்டை விற்பதற்கு மனைவி கையொப்பமிட்டாள் என்று கதை ஒரே வரியில் கடந்துபோகும் இடத்தை என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. அந்த வீடு அவளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்கப்பட்டது என்று கதையே சொல்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. அவளுடைய கையொப்பம் இல்லாமல் கணவன் அதை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. அதேவேளை, 1911 ஆம் ஆண்டில் வந்த கட்டளைச் சட்டத்தின்படி, அவள் தன் காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். பெண்ணின் சொத்துக்குக் கணவன் காவலாக இருப்பான் என்று இந்த விதிக்கு நியாயம் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். காவலாக இருக்க வேண்டியவனே விற்பதற்கு அவசரப்படுத்தும்போது, அவளுக்காக வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த அறையில் எவரும் இருப்பதில்லை. நொத்தாரிசு உறுதியை வாசித்து விளக்குவார், இரண்டு சாட்சிகள் ஒப்பமிடுவார்கள், சட்டத்துக்கு அது போதும். எல்லைகளை வாசித்து, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உட்பட என்ற இடத்துக்கு வரும்போது தலையைக் குனிந்துகொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றுக்காகத் தன் கிணற்றுப் பங்கை எழுதிக்கொடுத்த இந்த மனைவிக்குக் கதையில் ஒரு வரிதான் கிடைத்தது. முதல்நாள் இரவு அந்த வீட்டில் என்ன பேசப்பட்டது என்பதை உறுதி எழுதுபவர்கள் பதிவுசெய்ய முடியாது. கதை எழுதுபவரால் முடியும், அவர் அதைச் செய்திருக்க வேண்டும்.

தோழனுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. காற்றை மட்டுப்படுத்திக் கரியை எரித்தால் காபன் மொனொட்சைட்டு கலந்த எரிவாயு கிடைக்கும் என்பது புதிய செய்தியல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பெற்றோலுக்குப் பதிலாக விறகிலிருந்தும் கரியிலிருந்தும் எடுத்த வாயுவில் ஏராளமான வாகனங்கள் ஓடின. அந்த வாயுவைக் குளிரவைத்து, தூசு போக்கி, எஞ்சின் தேயாதபடி உள்ளே அனுப்புவதில்தான் சிரமம் இருக்கிறது. (நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு ஆளைக் கொல்லக்கூடியது. கதாநாயகன் பிள்ளைகள் உறங்கும் வீட்டின் சமையலறையில் அதைப் பரிசோதிக்கிறான். வாசிக்கும் இளைஞர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.) கதையில் அந்தச் சிரமத்தைத் தீர்ப்பது யார்? பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் தோழன்தான் ஈரத் தும்பு அடைத்த பெட்டியினூடாக வாயுவைச் செலுத்திப் பார்க்கச் சொல்கிறான். அந்தப் பெட்டியைப் பொருத்திய பிறகே இயந்திரம் ஓடுகிறது. ஆயினும் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கதாநாயகன் கொடுக்கும் ஆக்கவுரிமை (காப்புரிமை) விண்ணப்பத்தில் அவன் பெயர் மட்டுமே இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இருவர் சேர்ந்து கண்டுபிடித்தால் ஆக்கவுரிமை இருவருக்கும் கூட்டாக உரியது என்று சொல்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நிலைக்கும் அந்த உரிமையில் தோழனுக்குப் பங்கு இருந்தது. கடனைக் கட்டச் சொல்லி வங்கி வந்தபோது பிணையாளி என்று தோழனின் பெயர் இருந்தது. உரிமையை எழுதும்போது அது இல்லாமல் போனது. இதை மறதி என்று கதை சொல்கிறது. நான் களவு என்று சொல்வேன்.

கண்டுபிடிப்பு வெற்றிபெற்றால் இழப்புகள் ஈடாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு எட்வின் ஆம்ஸ்ட்ரோங்கின் வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறேன். இன்று நம் வீடுகளில் ஒலிக்கும் எஃப். எம். வானொலிக்கு வழிசெய்து, 1933 இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் அவர். ஆர். சி. ஏ. என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்தின் தலைவர் டேவிட் சார்னொஃப் அவருடைய நெருங்கிய நண்பர். ஆம்ஸ்ட்ரோங்கின் மனைவி மரியனும் சார்னொஃபின் செயலாளராக இருந்தவர். அந்த நட்பு முறிந்து, 1948 இல் அந்நிறுவனத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு அவருடைய பணத்தையும் நிம்மதியையும் தின்றது. 1953 இறுதியில் ஒரு வாக்குவாதத்தின்போது மனைவியை அடித்தார். மரியன் அவரைப் பிரிந்து சென்றார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ரோங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காப்புரிமை வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி, 1967 இல் கடைசி வழக்கையும் வென்றவர் மரியன்தான். ஆம்ஸ்ட்ரோங்குக்கு நியாயம் மறுக்கப்பட்டது உண்மை, அவருடைய கண்டுபிடிப்பும் உண்மை. அவற்றில் எதுவும் அந்த வீட்டில் நடந்ததை இல்லாமல் செய்யவில்லை.

இக்கதையைத் தொகுப்பாக வெளியிடும் எண்ணம் எழுத்தாளருக்கு இருந்தால், கையொப்பத்துக்கு முந்திய இரவை மனைவியின் பக்கத்திலிருந்து எழுதும்படியும், கைதட்டும் தோழனை நீக்கிவிட்டு, அந்த விண்ணப்பத்தில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டு வரும் தோழனை அந்த இடத்தில் வைக்கும்படியும் தங்கள் மூலம் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.