ப்ளூஸ் கேட்கத் தொகுப்பு மட்டமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த அறிமுகக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால், பல தட்டுகளில் வந்த பாடல்களைச் சேர்த்துப் போட்ட தொகுப்புகளைத் தொடாதீர்கள், முழு ஆல்பங்களிலிருந்து தொடங்குங்கள் என்று புதியவர்களுக்குச் சொல்லியிருப்பதுதான் உதைக்கிறது. ராக் இசைக்கு அது சரி. பழைய ப்ளூஸுக்குப் பொருந்தாது.

1920இல் பாடகி மேமி ஸ்மித் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடியதிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ப்ளூஸ் வந்ததெல்லாம் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் இசைத்தட்டில்தான். பக்கத்துக்கு ஒரு பாட்டு, சுமார் மூன்று நிமிடம், அவ்வளவுதான். 1948இல் பல பாடல்கள் அடங்கும் எல்பி என்ற நீள்நேர இசைத்தட்டு வந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் முதல் எல்பியை செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1958இல் வெளியிட்டது. அதற்கு முன் தனித்தனியாக வந்த பாடல்களைச் சேர்த்துப் போட்டதுதான் அதுவும். பெயரே ‘தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்’. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு பாடகர் ஹவ்லின் உல்ஃபின் முதல் எல்பியும் அந்த ரகம்தான். தொகுப்பே வேண்டாம் என்றால் இவர்களை எங்கே போய்க் கேட்பது?

கிதாரோடு பாடிய ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டல்லஸிலும் பதிவுசெய்தது 29 பாடல்கள். 1938இல் இறந்துவிட்டார். 1961இல் கொலம்பியா நிறுவனம் 16 பதிவுகளை எடுத்து ஒரு எல்பி போட்டது. அவருடைய புகைப்படம் கிடைக்காத காலம் அது. அதனால் அட்டையில் ஓவியம்: கிதார்மேல் குனிந்திருக்கும் ஒருவர், உச்சியிலிருந்து பார்த்ததுபோல, முகம் தெரியாது. ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் தலைமுறையைக் கட்டிப்போட்டது அந்தத் தட்டுதான். 1990இல் வந்த முழுத் தொகுப்பில் 41 பதிவுகள். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து வரும். ஆராய்ச்சியாளருக்கு விருந்து. புதிதாகக் கேட்பவர் நாலாவது பாட்டிலேயே எழுந்து போய்விடுவார்!

தொகுப்பதிலும் கோளாறு உண்டு, மறுக்கவில்லை. அறுபதுகளில் பழைய தட்டுகளைத் தேடித் தொகுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள். கிதாரோடு தனியாகக் கரகரத்த குரலில் பாடும் மிசிசிப்பி ஆண்தான் அவர்களுக்கு அசல் ப்ளூஸ். ஆனால் இருபதுகளில் கறுப்பின மக்கள் காசு கொடுத்து வாங்கியது யாரை? பாடகிகள் பெஸ்ஸி ஸ்மித்தை, மா ரெய்னியை, பிறகு பியானோ வாசித்துப் பாடிய லெராய் காரை. பெஸ்ஸியின் 1923ஆம் ஆண்டு முதல் தட்டே லட்சக்கணக்கில் விற்றது. வரலாறு என்று போட்டுக்கொள்ளும் தொகுப்பில் பெண் குரலும் பியானோவும் இல்லையென்றால் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

பழைய தட்டுகளைச் சேகரித்த ஹாரி ஸ்மித் 1952இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தொகுத்த 84 பதிவுகளைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. அது ப்ளூஸ் மட்டுமல்ல, நாட்டார் இசை எல்லாம் கலந்தது. பாடகர் கறுப்பரா வெள்ளையரா என்று ஹாரி எங்கும் எழுதவில்லை. அதில் இருந்த கறுப்பினப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை வெள்ளைக்கார மலைப்பாடகர் என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1928க்குப் பிறகு நெடுங்காலம் அவர் பாட்டு எதுவும் பதிவாகவில்லை. 1963இல் ஒரு சேகரிப்பாளர், ஹர்ட்டின் வேறொரு பாட்டில் வரும் ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு அவலான் என்ற அந்தச் சிற்றூருக்கே போய்விட்டார். எழுபது வயதை ஒட்டியிருந்த ஹர்ட் அங்கேதான் விவசாய வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாடினார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த பட்டியலில் ஜான்சன் பெயருக்கு எதிரே 1961 என்று மட்டும் இருக்கிறது. அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து வந்த எல்பியின் ஆண்டு அது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலிகளிலும் இதே குழப்பம்தான். அடுத்த முறை பட்டியல் போடும்போது பதிவான ஆண்டையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.