சாந்தில் வளரும் பாசி

ஷெஃபீல்டு, இங்கிலாந்து
பங்குனி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் எல்லாரும் பொங்கல் வைக்கும்போது நான் இருக்கமாட்டேன் என்பதுதான் மனதுக்குக் குறை. இங்கே குளிர் இன்னும் விடவில்லை. வேலை, சம்பளம், சாப்பாடு பற்றியெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிற உனக்கென்றே இந்தக் கடிதம்.

இரவு வேலை முடிந்து நடந்து வரும் வழியெல்லாம் புகை படிந்து கறுத்த மணற்கல் சுவர்கள். கல்லின் மேல் ஒன்றும் காணோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூசிய சாந்தில் மட்டும் வரிசையாகச் சாம்பல் பூத்த பச்சை உருண்டைகள். கிரிம்மியா புல்வினேட்டா என்ற பாசி. குற்றாலத்தில் காலை வாரிவிடுகிற வழவழப்பு இதற்குக் கிடையாது. தண்டும் இலையுமாக நெருக்கமாக நிற்கும் செடிக்கூட்டம். உயரம் 1 அல்லது 2 செ.மீ. காய்ந்த நாளில் பார்த்தால் தேரிக்காட்டில் சுருண்டு படுத்த முள்ளெலியேதான்.

அந்த வெண்மை எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒவ்வோர் இலையின் நுனியும் நிறமற்ற நீண்ட மயிராக முடிகிறது. வெயிலைத் திருப்பி அனுப்புவதும், காற்று ஈரத்தை உறிஞ்சிவிடாமல் காப்பதும் அதுதான். வேர் கிடையாது, பற்றிக்கொள்ள வேரிழைகள் மட்டும். தண்ணீரை இலைகளே குடிக்கின்றன. காய்ந்து முறுகிய ஓர் உருண்டையின் மேல் பாட்டில் தண்ணீரைச் சாய்த்தேன். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இலைகள் விரிந்து பச்சை திரும்பிவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மணற்கல் அமிலத்தன்மை உள்ளது. இந்தப் பாசிக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதனால்தான் சாந்தைத் தேடிப் பிடித்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி பீக் டிஸ்ட்ரிக்ட் போனேன். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான இடம். அதன் தெற்குப் பகுதி, நம் தாழையூத்துப் பக்கம்போல, சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே இது பாறை மேலேயே தாராளமாக உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் காம்புதான். காம்பு நுனியில் இருக்கும் ஸ்போர் பை, அதாவது காப்சூல், இளசாக இருக்கும்போது காம்பு வில்லாக வளைந்து, அதை இலைகளுக்குள்ளேயே தலைகீழாகப் புதைத்து வைத்துக்கொள்ளும். முற்றியதும் நிமிர்ந்துவிடும். மூக்குள்ள மூடி கழன்று விழும். வாயைச் சுற்றி 16 பற்கள். அந்த வழியாக ஸ்போர்கள், விதைபோல் பாசியைப் பரப்பும் தூள், காற்றோடு போகும். இப்போது வசந்தகாலம் என்பதால் வளைந்ததும் நிமிர்ந்ததும் ஒரே உருண்டையில் தெரிகின்றன.

இதைத் தேடி நீ அலைய வேண்டாம். நம் பக்கத்துக் காரைச் சுவர்களில் ஹையோஃபிலா இன்வொலூட்டா என்ற வேறொரு பாசி வளரும். காய்ந்தால் அதன் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். ஆச்சி வீட்டுக் கிணற்றுச் சுவரில் முதலில் பார். இந்தப் பங்குனி வெயிலில் செத்ததுபோல் கிடக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டு.

அடுத்த வாரம் அம்பாசமுத்திரம் வருகிற நண்பரிடம் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு முகத்தைத்தான் சுவர் அருகே கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
தம்பி