வீட்டை விட்டுப் போனாலும் கையெழுத்து போகாது

ஆசிரியருக்கு,

கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்ட வாடகை வீட்டிலிருந்து ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவர் பொறுப்பு தீர்ந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். தீராது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவுப்படி முழு வாடகையையும் இருவரில் எவரிடமும் உரிமையாளர் கேட்கலாம். கட்டியவர் மற்றவரிடம் பங்கை வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

'நான் காலி செய்துவிட்டேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. உரிமையாளரும் சேர்ந்து மூவரும் கையெழுத்திட்டுப் பழைய ஒப்பந்தத்தை முடித்து, தங்குபவர் பெயரில் புதிதாக எழுதி, 2017 வாடகைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். சண்டை பெரும்பாலும் அட்வான்ஸில்தான். முந்திக்கொண்டு கேட்டவரிடம் உரிமையாளர் கொடுத்துவிடுவார். கரண்ட் பில், பெயிண்ட் கூலி கழித்து மீதி எவ்வளவு, யார் கணக்குக்கு என்பதை அதே தாளில் எழுதுங்கள்.

ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மனைவி அங்கே வசிக்கும் உரிமையைக் காக்கிறது. ஆனால் பாக்கிக்காக உரிமையாளர் போடும் வழக்கை அது தடுக்காது. 19-ஆவது பிரிவில், மாற்று வீட்டின் வாடகையைக் கணவர் கட்டும்படி உத்தரவு கேட்கலாம்.

வாடகை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள்,
மதுரை