யாருக்காக ஆஜராகிறோம்

அன்பு மகள் கோமதிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "பிடிக்காத கம்பெனிக்காகக் கோர்ட்டுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், இது எனக்குச் சரிப்படுமா அப்பா?" என்றாய். அம்மா உடனே, வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் என்றாள். அவள் அப்படித்தான்.

நீ இருக்கும் வாஷிங்டனிலேயே ஸ்ரீ சீனிவாசன் என்ற நீதிபதி இருக்கிறார். அவர் அப்பாவுக்கு நம் திருநெல்வேலிப் பக்கத்து மேலத்திருவேங்கடநாதபுரம். கணக்குப் பேராசிரியராகக் கான்சாஸில் குடியேறியவர். மகன் வக்கீலாக இருந்தபோது, 2010-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் யாருக்காக ஆஜரானார் தெரியுமா? என்ரான் என்ற பெரிய எரிசக்திக் கம்பெனியை நடத்தி, மோசடிக்காக ஜெயிலுக்குப் போன ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காக! அந்தக் கம்பெனி கவிழ்ந்து எத்தனை பேர் வேலையும் சேமிப்பும் போய்த் தெருவுக்கு வந்தார்கள். இவர் போய் நின்று, வழக்குப் போட்ட சட்டப்பிரிவு அளவுக்கு மீறி நீளுகிறது என்று வாதாடினார். லஞ்சம், கமிஷனுக்கு மேல் அந்தப் பிரிவு பாயாது என்று நீதிமன்றமும் சொன்னது. ஸ்கில்லிங் அதற்காக உடனே வெளியே வந்துவிடவில்லை, அது வேறு கதை.

மறு வருஷமே அரசுத் தரப்பு வக்கீல். 2013 மே மாதம் அப்பீல் நீதிபதியாக அவர் பெயர் அமெரிக்க மேல்சபையான செனட்டுக்கு வந்தபோது 97 ஓட்டு ஆதரவு, எதிர்த்து ஒன்றுகூட இல்லை. கீதையின் மேல் கை வைத்துப் பதவியேற்றார், புத்தகத்தைப் பிடித்திருந்தது அவர் அம்மா. 2020-ல் அந்த அப்பீல் கோர்ட்டுக்கே தலைமை நீதிபதி ஆனார்.

ஸ்கில்லிங்குக்காக ஆஜரானவர் நீதிபதியானதில், முப்பது வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த எனக்கு ஆச்சரியம் இல்லை. காலையில் ஒரு வக்கீல் நிலச் சொந்தக்காரருக்காக, குத்தகைக்காரனைக் காலி செய்யச் சொல்லி வாதாடுவார். மத்தியானம் வேறு வழக்கில் அவரே குத்தகைக்காரன் பக்கம். நடுவில் வேப்பமரத்தடியில் எதிர்த்தரப்பு வக்கீலோடு ஒரே தூக்குவாளியில் தயிர்சாதம். வழக்குக் கட்டுக்குள் இல்லாத பத்திரத்தை இருக்கிறதாகச் சொன்ன வக்கீலோடு மட்டும் யாரும் சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அந்த மனுவில் பொய் ஏதும் எழுதச் சொன்னார்களா? அதை மட்டும் எனக்குச் சொல். இல்லையென்றால் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பருப்புப்பொடி பார்சலில் வருகிறது.

அப்பா