பயனர் கணக்கு மாற்றம்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

நம் வாசிப்புக் குழுவின் பதிவுத் தளம் ஞாயிற்றுக்கிழமை முதல் புதிய பயனர் கணக்கு முறைக்கு மாறிவிட்டது. இனிப் பயனர்பெயரை ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. கைத்தொலைபேசி எண்ணும் பழைய கடவுச்சொல்லும் போதும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "எதுவும் மாறின மாதிரியே தெரியலையே" என்று சிலர் கேட்டீர்கள். அப்படிக் கேட்கும்படி வேலையை முடித்துக் கொடுத்த தொண்டூழியர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பிடோக் அண்ணனுக்கு. நம் தளம் ஜாங்கோவில் (இணையத்தளம் கட்டப் பயன்படும் மென்பொருள் சட்டகம்) ஓடுகிறது. ஜாங்கோவோடு ஒரு பயனர் மாடல், அதாவது ஒரு பயனரைப் பற்றி என்னென்ன தகவல் வைத்துக்கொள்வது என்ற வரையறை, கூடவே வரும். அதற்குப் பதிலாக நமக்கேற்ற ஒன்றை வைத்துக்கொள்ளும் வசதி 2013-இல் வெளிவந்த 1.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே அதைச் செய்துவிடுவது நல்லது என்று அதன் கையேடும் சொல்கிறது. ஆனால் வருகைப்பதிவு, இரவல் புத்தகம் என்று டேட்டாபேஸில் உள்ள எல்லா அட்டவணைகளும் பழைய பயனரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது மாற்றுவது வேறு கதை. புது அட்டவணை போட்டு எல்லாரையும் அங்கே கொண்டுபோகலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் கேட்டுவிட்டு, "அட்டவணையில கை வைக்காதே தம்பி, மாடலை மட்டும் மாத்து" என்றார்.

அதன்படி புது மாடல் பழைய அட்டவணையின் பெயரையே வைத்துக்கொண்டது. முதல் மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் படிகளை எழுதிய கோப்பு) பழைய அமைப்பை அச்சு அசலாக அப்படியே சொல்லும், அவ்வளவுதான். ஒத்திகையில் ஜாங்கோ அடம்பிடித்தது. நிர்வாகப் பகுதியின் முதல் மைக்ரேஷன் நம்முடையதைச் சார்ந்தது, ஆனால் நம்முடையதற்கு முன்பே ஓடிவிட்டது, வரிசை ஒத்துவரவில்லை என்றது. 'ஃபேக்' (ஓட்டாமலே ஓடிவிட்டதாகக் குறித்துக்கொள்ளும் வழி) போட்டு ஒப்பேற்றலாம் என்றால், அதற்கு முன்பே வரிசையைச் சரிபார்த்து நிறுத்திவிடுகிறது. அண்ணன் நேராக டேட்டாபேஸுக்குள் போய், மைக்ரேஷன் பதிவேட்டில் நம்முடையது முடிந்துவிட்டதாக ஒரு வரி சேர்த்தார். எந்த மாடல் எந்த ஆப்புக்கு (தளத்தின் ஒரு பகுதிக்கு) உரியது என்று குறித்துவைக்கும் கன்டென்ட் டைப் அட்டவணையில் பயனருக்குரிய வரியை நம் ஆப்பின் பெயருக்கு மாற்றினார். அனுமதிகளும், யார் எதைத் திருத்தினார்கள் என்ற பழைய குறிப்புகளும் கலையாமல் நின்றன. தொலைபேசி எண்ணுக்கான புலத்தை அப்புறம்தான் சேர்த்தோம். கடவுச்சொற்களின் ஹாஷ் (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமித்த வடிவம்) இருந்த இடத்திலேயே இருந்ததால் யாரும் புதுக் கடவுச்சொல் வைக்க வேண்டி வரவில்லை.

இந்த வழிமுறையில் பாதி, ஜாங்கோவின் 25313-ஆம் டிக்கெட்டில் (குறைகளையும் கோரிக்கைகளையும் பதிந்து பேசும் பக்கம்) முன்பே இதே பாதையில் போனவர்கள் எழுதி வைத்தது. முகம் தெரியாத அவர்களுக்கும் நன்றி.

ஈசூன் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புது முறையில் ஓர் எண்ணுக்கு ஒரு கணக்குத்தான். பழையதில் பிள்ளைக்கு ஒன்றாகக் கணக்குத் திறந்து, எல்லாவற்றிலும் அம்மாவின் எண்ணையே போட்ட வீடுகள் நிறைய. அதிலும் சிலர் முன்னால் சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடான 65 சேர்த்து, சிலர் சேர்க்காமல், சிலர் நடுவில் இடம் விட்டு. இடத்தையும் 65-ஐயும் நிரல் பார்த்துக்கொள்ளும். எந்தக் கணக்கை வைத்துக்கொள்வது என்று வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். அக்கா எக்செல் தாளை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து வீடு வீடாகப் போன் போட்டார். இப்போது பெற்றோருக்கு ஒரே கணக்கு, பிள்ளைகள் அதன்கீழ் பங்கேற்பாளர்கள்.

பெயர் விஷயத்தில் ஆசிரியர் ஐயா காப்பாற்றினார். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்ததில், "அன்புள்ள எஸ்/ஓ" (எஸ்/ஓ என்றால் 'இன்னாரின் மகன்') என்று தொடங்கி மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. "அப்பா பேரு குடும்பப் பேரு இல்லப்பா. முழுப்பேருக்கு ஒரே கட்டம் வை, கூப்பிடுற பேருக்கு இன்னொண்ணு வை" என்றார். குடும்பப் பெயரை முன்னால் எழுதும் சீன நண்பர்களுக்கும், 'பின்' (மகன்), 'பிந்தி' (மகள்) என்று எழுதும் மலாய்ப் பெற்றோருக்கும் அதுவே சரியாக அமைந்தது.

அடையாள அட்டை எண்ணையே பயனர்பெயராக வைக்கலாம் என்ற பேச்சை உடனே நிறுத்திய தங்கைக்கும் நன்றி. சட்டம் கேட்டாலோ, ஒருவர் யாரென்று மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர அந்த எண்ணை வாங்கக்கூடாது என்ற நெறிமுறை இங்கே 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கதைநேரத்துக்குப் பதிவு செய்ய அதெல்லாம் எதற்கு?

பழைய மாடலை நேரடியாகக் கூப்பிட்ட நிரல் வரிகளைத் தேடிப் பிடித்த பலதுறைத் தொழிற்கல்லூரித் தம்பிகளுக்கும், சமூக மன்றத்தில் அறை பிடித்துக் கொடுத்தவருக்கும், அன்று தளம் நின்றிருந்த நேரத்தில் பொறுத்துக்கொண்ட எல்லாருக்கும் நன்றி.

எண்ணை மாற்றியவர்கள் யாராவது இன்னும் சொல்லாமல் இருந்தால் ஈசூன் அக்காவுக்குத் தகவல் அனுப்புங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம்.