செயலாளர் ஆண்டறிக்கை: எந்தக் கோலால் அளந்தார்கள்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். எனவே இந்த அறிக்கை, கல்லூரிச் சேர்க்கை தொடங்கும்போதெல்லாம் வேலூர்ப் பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது: "வரலாறும் புவியியலும் படிச்சா பிள்ளைக்குக் கையில என்ன வேலை தெரியும்?" நியாயமான கேள்வி. இவ்வாண்டு நம் வரலாறு, புவியியல் மன்றம் நடத்திய பயிற்சிகளை வைத்தே அதற்குப் பதில் சொல்லலாம்.

முதலில் கல்வெட்டுப் படியெடுப்பு. பாதுகாக்கப்பட்ட சின்னமானால் தொல்லியல் துறையிடமும், அறநிலையத்துறைக் கோயிலானால் செயல் அலுவலரிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். அது கைக்கு வராமல் கல்லைத் தொடக்கூடாது. கல்லை நார்த் தூரிகையால் தேய்த்து நீர்விட்டுக் கழுவ வேண்டும். இரும்புத் தூரிகை கூடவே கூடாது, எழுத்தே போய்விடும். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூரிகையால் தட்டினால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் முக்கால்வாசி வற்றியதும் மை தோய்த்த துணிப்பொதியால் ஒற்ற வேண்டும். ஈரம் மிகுந்திருந்தால் மை ஊறிப் பள்ளங்களை நிரப்பிவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் தாள் உரிந்து காற்றில் பறக்கும். வேலூர் வெயிலில் இந்த இரண்டு நிலைக்கும் இடையே கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

படியெடுத்த பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே 'காடு' என்பதும் 'கரடு' என்பதும் கல்லில் ஒன்றுபோலவே தெரியும். ஒரு நிலக்கொடையின் கீழெல்லையாக இந்தச் சொல் வந்தால் அது மரக்காடா, பாறைக் கரடா? பக்கத்து வரிகளைப் படித்தும் பதில் கிடைக்காவிட்டால் அந்த ஊருக்கு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். வரலாற்று மாணவருக்குப் புவியியல் தேவைப்படும் இடம் இது.

காலக்கணக்கிலும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. விரிஞ்சிபுரம் கோயிலில் விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. மணமகளுக்குப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது, திருமணம் கன்னிகாதானமாகவே நடக்க வேண்டும் என்று படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் செய்துகொண்ட உடன்பாடு அது. 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அது அச்சேறிவிட்டது. அதில் உள்ள ஆண்டு, கி.பி. 78-இல் தொடங்கும் சகக் கணக்கில் 1347. மாணவர்கள் 78-ஐக் கூட்டி 1425 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கல்வெட்டு சொல்லும் மாதம் பங்குனி. ஆண்டின் கடைசி மாதம் ஆங்கில ஆண்டில் அடுத்ததில் விழும் என்பதால் சரியான விடை 1426. கூட்டல் எல்லோருக்கும் தெரியும். மாதத்தையும் பார்க்கும் பழக்கம் பயிற்சியால்தான் வருகிறது.

இவ்வாண்டு அதிக நேரம் எடுத்துக்கொண்டது நில அளவை. 'இருநூறு குழி நிலம்' என்று ஒரு கல்வெட்டில் படித்தால் மாணவர் அடுத்து கேட்க வேண்டியது, 'எந்தக் கோலால்?' குழி என்பது ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம். பதினாறு சாண் கோலும் உண்டு, பன்னிரண்டு சாண் கோலும் உண்டு. முன்னதன் குழிக்கும் பின்னதன் குழிக்கும் பரப்பு விகிதம் 256-க்கு 144, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. கோலைக் கேட்காமல் இரண்டு ஊர் நிலங்களை ஒப்பிட்டு 'இந்தக் கோயில் செழிப்பானது' என்று எழுதுவது தவறான எடைக்கல்லில் நிறுப்பதற்குச் சமம்.

இந்தக் கேள்வி பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் வாங்கும் பழைய புலப்படங்களில் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவைப் படங்கள்) எல்லை நீளங்கள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும், புதியவற்றில் மீட்டரில். ஒரு லிங்க்ஸ் சுமார் 20 சென்டிமீட்டர். ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். பழைய படத்தில் உள்ள 250-ஐ மீட்டர் என்று வாசித்தால் ஐம்பது மீட்டர் வரப்பு கால் கிலோமீட்டராகிவிடும். பங்காளிச் சண்டைகளில் பாதியை இந்த ஒரு விவரத்தால் தவிர்க்கலாம் என்பது என் கருத்து.

நிலவரைபடப் பயிற்சிக்கு இந்திய நில அளவைத் துறையின் 57பி/1 (57P/1) எண் தாளை எடுத்துக்கொண்டோம். வேலூர் நகரம் அதில்தான் வருகிறது. ஒன்றுக்கு ஐம்பதாயிரம் என்ற அளவில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. நகரைச் சுற்றி நிற்கும் குன்றுகளே பாடமானதால் மாணவர்கள் தாளையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய தாளை ஏற்றும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது. பழைய தாள்கள், பூமியின் வடிவைக் கணக்கிடும் எவரெஸ்ட் புவிமாதிரியில் வரையப்பட்டவை. கைப்பேசியின் ஜிபிஎஸ், டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியைப் பயன்படுத்துகிறது. மாதிரியை மாற்றாமல் ஏற்றினால் ஏரிக்கரை நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும், கரைமேல் இருக்கும் கோயில் தண்ணீருக்குள் போய்விடும். பாலாற்றின் 2021 நவம்பர் வெள்ளம் எங்கெங்கே ஏறியது என்று குறிக்கும்போது நூறு மீட்டர் பிழை ஒரு தெருவையே மாற்றிவிடும்.

மக்கள்தொகை அட்டவணைகளிலும் இதே கதை. 'வடஆர்க்காடு மாவட்டம்' என்ற பெயர் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. எல்லை நீடிக்கவில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமானது. மீதி வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியபின், 2019-இல் அதிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 1901-ஐயும் 1921-ஐயும் அப்படியே அருகருகே வைத்தால் மக்கள் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். மாவட்ட மொத்தத்தை விட்டுவிட்டு வட்டங்களை எடுத்து, இன்றைய எல்லைக்குள் வருபவற்றை மட்டும் கூட்ட வேண்டும். வட்ட எல்லையும் மாறியிருந்தால் கிராமம் கிராமமாக இறங்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் திட்ட அலுவலகங்களிலும் நகரமைப்பிலும் மதிப்புப் பெறுவது இந்த வேலை.

1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிய அமர்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று கேள்வி: எழுதியவர் யார், எப்போது எழுதினார், அப்போது எங்கே இருந்தார்? கோட்டைக்குள் இருந்தவரின் வாக்குமூலமும் ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தவரின் கடிதமும் ஒரே எடை பெறா. சிப்பாய்களின் சொல் பெரும்பாலும் விசாரணையில், ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது என்பதை விடையில் எழுதாத மாணவருக்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லிப் பரிந்துரைத்தோம். கடுமையாகத் தோன்றலாம். அவசியம் என்றே கருதுகிறேன்.

பாலாற்றங்கரைப் பெரியவர்களிடம் வாய்மொழித் தகவல் சேகரிக்கையில் 'எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னா பின்னா, பெரிய பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டால் ஆண்டு தானாக அமையும். ஒரே செய்தியைத் தனித்தனியே மூவரிடம் கேளுங்கள். திண்ணையில் கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டால், முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்கான தன்விவரக் குறிப்பில் 'பகுப்பாய்வுத் திறன் உண்டு' என்று எழுதாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். எந்தத் தாளை எந்த அளவில் எண்மமாக்கினீர்கள், எத்தனை ஆண்டு அட்டவணையை எந்த எல்லைக்கு மாற்றினீர்கள், பிழை எங்கே வந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் நீங்கள் செய்த கோப்பைத் திறந்து காட்டலாம்.

வரும் ஆண்டில் மேல்பாடிக்குப் போக எண்ணம். சோழ மன்னன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த பள்ளிப்படை (இறந்தவர் நினைவுக் கோயில்) அங்கே இருக்கிறது. கல்லைத் தொடாமல், சாய்வொளியில் நிழற்படம் எடுத்தே வாசிக்கும் பயிற்சியாக அதை வைத்துக்கொள்ளலாம். அனுமதிக் கடிதத்தை இந்த மாதமே அனுப்பிவிட வேண்டும். முப்பது மீட்டர் அளவு நாடா இரண்டும், படித்தாள்களைச் சுருட்டி வைக்க மூடியுள்ள பிவிசி குழாய்களும் தேவை. சென்ற மழையில் தரையோடு வைத்திருந்த தாள்கள் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இச்செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டு இவ்வறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயலாளர்
வேலூர்