சுட்டது யாருன்னு சொல்லாத பாஷை

ஆசிரியருக்கு,

ஞாயித்துக்கிழமை வந்த கவிதைக் கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எதிர்ப்புக் கவிதைன்னாலே கோஷம் போடறதுதான்ங்கற மாதிரி எழுதிட்டாங்க, அதான் உறுத்துது. அதிகார பாஷை எப்படி வேலை செய்யுதுன்னு உங்க பேப்பர்லயே பாக்கலாம் சார். 'துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது', 'உயிரிழப்பு ஏற்பட்டது', 'வீடுகள் அகற்றப்பட்டன'. யாரு சுட்டா, யாரு இடிச்சா? ஆளையே காணோம். அந்த 'பட்டது'க்குள்ள எல்லாரும் ஒளிஞ்சுக்கறாங்க.

இந்த மாதிரி பாஷையை கோஷம் போடாமயே எதிர்த்த கவிஞர்களும் இருக்காங்க. ஜெர்மன்ல எழுதின யூதக் கவிஞர் பால் செலானை எடுத்துக்கோங்க. அவரோட அப்பா அம்மாவ நாஜிகளும் அவங்க கூட்டாளிங்களும் 1942ல முகாமுக்கு இழுத்துட்டுப் போனாங்க, ரெண்டு பேருமே திரும்பி வரல, ஆனா மனுஷன் கடைசி வரைக்கும் கவிதை எழுதினது ஜெர்மன்லதான், கொன்னவன் பாஷையாச்சேன்னு விட்டுடல (அம்மா சொல்லிக்கொடுத்த பாஷையும் அதானே), அதையே ஒடச்சு ஒட்டி புதுசா வார்த்தை பண்ணிட்டு இருந்தாரு.

அப்புறம் ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா. ஸ்டாலின் காலத்துல மகன் ஜெயில்ல, இவங்க லெனின்கிராட் ஜெயில் வாசல்ல 17 மாசம் கியூல நின்னவங்க. கவிதைய துண்டு பேப்பர்ல எழுதி சிநேகிதிகிட்ட நீட்டுவாங்க, அவங்க படிச்சு மனப்பாடம் பண்ணதும் பேப்பர் ஆஷ்ட்ரேல எரிஞ்சிடும். அந்தக் கவிதை ('ரெக்வியம்') 1963ல மியூனிக்ல அச்சாச்சு, சோவியத்ல வர 1987 ஆயிடுச்சு, அச்சாகறதுக்கு முன்னாடி பல வருஷம் நெருங்கின சில பேர் ஞாபகம்தான் அதுக்கு பீரோ. இதுல கோஷம் எங்க இருக்கு?

அடுத்த தடவ 'அகற்றப்பட்டன'ன்னு போடறப்ப யாரு அகற்றினாங்கன்னும் சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷத்து வாசகர்